ட்ரிம் என்றால் எவ்வளவு

நாற்காலியில் உட்கார்ந்தவர் "ட்ரிம்" என்று சொன்னால் சென்னிமலை பதில் பேசமாட்டார். துணியை ஒரு உதறு உதறிக் கழுத்தைச் சுற்றி முடிச்சுப் போடுவார். பிறகு இடதுகையின் இரண்டு விரல்களை முன்னந்தலை முடிக்குள் நுழைத்து மெல்ல மேலே தூக்குவார். விரலுக்கு வெளியே முதலில் ஒரு நெல் அளவு முடி நீட்டிக்கொண்டு நிற்கும். விரல் கீழே இறங்க இறங்க அது இரண்டு நெல்லாகும், அரை விரல்கடையாகும். அவர் அந்த முடியைப் பார்ப்பதே இல்லை. கண்ணாடிக்குள் உட்கார்ந்திருப்பவரின் கண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பார். எங்கோ ஓரிடத்தில் அந்தக் கண் இமைக்கும், அல்லது மூக்கின் பக்கம் ஒரு சின்ன இழுப்பு வரும். அங்கே விரலை நிறுத்தி, ஒரு நெல் அளவு திரும்ப மேலே ஏற்றி, வெறும் காற்றை மூன்று தடவை வெட்டிவிட்டுத்தான் முடிக்கு வருவார்.

வெட்ட வேண்டிய அளவைத் தன் கண்ணே சொல்லிவிட்டது என்பது நாற்காலியில் இருப்பவருக்கு மட்டும் தெரியாது.

மைசூர் கிருஷ்ணமூர்த்திபுரத்தில் ஸ்ரீ மாதேஸ்வரா ஹேர் கட்டிங் சலூனுக்கு நேர் மேலே இருந்த மாடியறையில் நான் அப்போது குடியிருந்தேன். தொண்ணூற்றாறாம் வருஷம். பெங்களூரிலிருந்து வரும் தமிழ்ப் பேப்பரைச் சென்னிமலை வாடிக்கையாளர்களுக்காக வாங்கிப் போடுவார். அதைப் படிக்கிற சாக்கில் தினமும் காலையில் கீழே இறங்கி மூலைப் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவேன். பேச வேண்டிய அவசியமில்லாத இடம் அது. தலையைக் கொடுத்தவர்களே எல்லாவற்றையும் பேசிவிடுவார்கள்.

அங்கே உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டது, ட்ரிம் என்ற அந்த ஒரு வினைச்சொல்லுக்கு எத்தனை தலையோ அத்தனை பொருள் என்பதை. அசோகபுரம் ரயில்வே ஒர்க்‌ஷாப் ஃபிட்டர் சொன்னால், ஒரு மாதத்துக்கு எண்ணெய்ப்பிசுக்கு ஒட்ட இடமில்லாமல் எடுத்துவிடு என்று பொருள். கல்லூரி மாணவன் சொன்னால், அப்பா அனுப்பி வந்திருக்கிறேன், சட்டையில் நாலு முடி விழுந்தால் போதும், பின்பக்கம் கை வைக்காதே என்று பொருள். முக்கால்வாசி வழுக்கையான தலைமையாசிரியர் ஒருவர் சொல்வார்; மிச்சமிருப்பதை மரியாதையாக நடத்து என்பது அதன் அர்த்தம். இத்தனையையும் சென்னிமலை ஒரு கேள்வி கேட்காமல் பிரித்துத் தெரிந்துகொள்வார்.

"இங்கிலீசுக்காரன் வார்த்தையக் குடுத்துட்டு அளவக் குடுக்காம ஊருக்குப் போயிட்டான் தம்பி. நாமதான் மொகத்தப் பாத்துக் கண்டுபிடிச்சுக்கோணும்" என்பார். தமிழ்நாட்டு எல்லையோரத்து ஹனூர்ப் பக்கத்துக்காரர். மைசூருக்கு வந்து இருபத்தைந்து வருஷமாகியும் பேச்சு ஹனூரிலேயே தங்கிவிட்டது.

ட்ரிம்முக்கு அவர் ஓர் இலக்கணமும் வைத்திருந்தார். "வெட்டிக்கிட்டு வூட்டுக்குப் போனா சம்சாரம் என்ன சொல்லோணும்? ‘இன்னிக்கு என்னமோ நல்லா இருக்கறீங்களே’ன்னு சொல்லோணும். ‘முடி வெட்டுனீங்களா’ன்னு கேட்டுப்போட்டா அது ட்ரிம் இல்லீங்க. அது கட்டிங்."

இதை அவர் சத்தமாகத்தான் சொல்வார். தெருவுக்கு அந்தப் பக்கம் கேட்க வேண்டும் என்பதற்காக.

அந்தப் பக்கம் நஞ்சுண்டசாமியின் சலூன். தாய்மொழி கன்னடம், ரயில்வேத் தமிழர் தலைகளோடு பழகிப் பழகித் தமிழும் வந்துவிட்ட மனிதர். சென்னிமலைக்கும் அவருக்கும் ஒரே வயது, ஐம்பத்திரண்டு. நஞ்சுண்டசாமி கடையில் உட்கார்ந்து ட்ரிம் என்றால் உடனே கேள்வி வரும்: "எத்தனை?" காதுக்கு மேலா கீழா, கிருதா எதுவரை, பின்னால் வட்டமா சதுரமா என்று நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் கத்தரியை எடுப்பார்.

"வெட்டினது தெரியாம வெட்டணும்னா அவன் எதுக்குக் கடைக்கு வர்றான் குரு? வீட்ல கண்ணாடி பார்த்துட்டே உக்காந்திருக்கலாமே" என்று அங்கிருந்து குரல் வரும். "நான் கேப்பேன். அவர் சொல்வாரு. நான் மாடுவேன். ஆய்த்து." செய்வேன், முடிந்தது என்பதைப் பாதிக் கன்னடத்தில் சொல்வார்.

"தலையெழுத்த அவனவன்கிட்டயே கேட்டு எழுதறவன் நீ ஒருத்தன்தான் நஞ்சுண்டா!"

"நீ கேக்காமலே எழுதற பிரம்மா. கைமுகிதேன்."

இருவரும் கும்பிடு போட்டுக்கொள்வார்கள். இந்தச் சண்டை தெருவுக்குப் பழகிப் போன சத்தம். அது இல்லாத நாளில்தான் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொள்வார்கள்.

மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வேறு மாதிரி. செவ்வாயில் முடி வெட்டினால் ஆகாது என்று ஊரே நம்புவதால் அன்றைக்கு எல்லா சலூனும் மூடியிருக்கும். ஊருக்கு ஆகாத அந்த நாளில்தான் இவர்களுக்குக் கை சும்மா இருக்கும். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, முதலில் சென்னிமலை நாற்காலியில் உட்காருவார், நஞ்சுண்டசாமி வெட்டுவார். பிறகு இடம் மாறிக்கொள்வார்கள். முகச்சவரம் தானே செய்துகொள்ளலாம். பிடரி அப்படியல்ல. கைக்கு எட்டினாலும் கண்ணுக்கு எட்டாது. இருபத்துமூன்று வருஷமாக ஒருவர் பிடரியை மற்றவர்தான் அறிவார். இருவருடைய மனைவிமாரும்கூட அவ்வளவு கிட்டத்தில் பார்த்திருக்கமாட்டார்கள்.

அந்த வருஷம் வைகாசியில் சென்னிமலையின் மகள் ஸ்வாதிக்குக் கொள்ளேகாலில் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை தருண்குமார் சாமராஜநகரில் கண்ணாடிக் கதவு போட்ட புது சலூன் வைத்திருப்பவன். சென்னிமலை மூன்று நாள் கடையைப் பூட்டிக்கொண்டு போனார். அந்த மூன்று நாளில்தான் ஸ்ரீவத்ஸன் எதிர்க்கடையில் ஏறினார்.

ஸ்ரீவத்ஸன் வங்கி அதிகாரி. மேல்கோட்டைப் பூர்வீகம். ஆங்கிலத்தில் ஒரு சொல்லை யாராவது தப்பாகப் பயன்படுத்தினால் பஸ்ஸில் நின்றுகொண்டே திருத்துபவர். பத்து நாளைக்கு ஒருமுறை சென்னிமலையிடம் வந்து ட்ரிம் செய்துகொள்வது பன்னிரண்டு வருஷப் பழக்கம். சென்னிமலை திரும்பி வந்த அன்று காலையில், ஜூன் மாத வெயிலில் மங்கி கேப் போட்டுக்கொண்டு கடைக்குள் வந்தார். கழற்றினார்.

பெஞ்சில் இருந்த ஐந்து பேரும் கழுத்தை நீட்டினோம். காதுகள் இரண்டும் முந்தின நாள்தான் முளைத்தவை போல் நின்றன. தலையின் வடிவம் அவருக்கே புதிதாக இருந்திருக்கும்.

"ட்ரிம்னுதாம்ப்பா சொன்னேன்" என்றார் ஸ்ரீவத்ஸன். "நாளைக்கு பிராஞ்சுல எல்லாரும் சேர்ந்து போட்டோ எடுத்துக்கறோம். ஆத்துல என்னை உள்ளேயே விடமாட்டேன்னுட்டா."

சென்னிமலை அவரைச் சுற்றி ஒரு பிரதட்சணம் வந்தார். பிறகு சொன்னார்:

"இது ட்ரிம் இல்லீங்க சார். அறுவடை."

பெஞ்சு வெடித்துச் சிரித்தது. தெரு பன்னிரண்டு அடி அகலம். நஞ்சுண்டசாமி தன் வாசலில் நின்று துண்டை உதறிக்கொண்டிருந்தார்.

சென்னிமலை வழக்கமான குரலில் அங்கே திரும்பிக் கூப்பிட்டார். "ஏ நஞ்சுண்டா! சார் ட்ரிம்னுதான சொன்னாரு? உனக்குக் காது கேக்கலியா, இல்ல கத்தரிக்குக் கேக்கலியா?"

வழக்கம் போல ஒரு பதில் வரும் என்று எல்லோரும் காத்திருந்தோம். நஞ்சுண்டசாமி ஸ்ரீவத்ஸனைப் பார்த்தார். ஸ்ரீவத்ஸன் பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார். நஞ்சுண்டசாமி துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். பத்து நிமிஷம் கழித்துத் தெருவைக் கடந்து வந்து, எப்போதோ இரவல் வாங்கிப் போன, முடியின் அடர்த்தியைக் குறைக்கும் பல்லுக் கத்தரியைச் சென்னிமலையின் அலமாரியில் வைத்தார்.

"என்ன, வேலை முடிஞ்சுதா?" என்றார் சென்னிமலை.

"ஆய்த்து" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் ஸ்ரீவத்ஸன் மங்கி கேப்போடு அகராதியையும் கொண்டுவந்தார். செங்கல் கனம். யாரும் கேட்கவில்லை, அவராகவே பிரித்துப் படித்து அர்த்தம் சொன்னார். ஒழுங்கற்ற, தேவையில்லாத பாகங்களை வெட்டிச் சீராக்குதல். வேலிச் செடியை ட்ரிம் செய்யலாம், விளக்குத் திரியை ட்ரிம் செய்யலாம், கறியிலிருந்து கொழுப்பை, பட்ஜெட்டிலிருந்து செலவை.

"திரி இருக்குது, வேலி இருக்குது, கறி இருக்குது. தலை எங்கீங்க சார்?" என்றார் சென்னிமலை.

"இரு, வர்றது. லேசாக முடி வெட்டிக்கொள்ளுதல். லேசாக! போட்டிருக்கு பாரு."

"லேசுன்னா எத்தனை நெல்லு?"

ஸ்ரீவத்ஸன் பக்கத்தைத் திருப்பினார், முன்பக்கத்தைப் பார்த்தார், பின்பக்கத்தைப் பார்த்தார். "அது போடலை."

"அப்ப புஸ்தகம் எழுதுனவரும் மொகத்தப் பாத்துத்தான் வெட்டியிருக்கறாரு" என்று சென்னிமலை சந்தோஷமாகச் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டு எதிர்ப்பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பதில் வரவில்லை. அந்தச் சந்தோஷத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. கையில் இருந்த சோப்பு நுரையை மறுபடி கலக்க ஆரம்பித்தார்.

ஜூன் இரண்டாவது செவ்வாய் வந்தது. இரண்டு ஷட்டர்களும் முழுதாக மூடியிருந்தன. ஜூலையிலும் ஆகஸ்டிலும் அந்தச் செவ்வாய் வந்தது. அதுவும் போயிற்று. முடிக்கு வருத்தமெல்லாம் தெரியாது; அது பாட்டுக்கு வளர்ந்தது. சென்னிமலைக்குக் காதின் மேல்பாதி மறைந்தது. எதிர்க்கடையில் நஞ்சுண்டசாமியின் சுருட்டை முடி சட்டைக் காலரில் உட்கார்ந்தது. இரண்டு பேரும் நாள் முழுக்க அடுத்தவர் தலைகளை ஒழுங்கு செய்துகொண்டு, இடையிடையே கண்ணாடியில் தெரியும் எதிர்க்கடைக்காரரின் தலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"என்ன சென்னிமலை, வேண்டுதலா?" என்று ஃபிட்டர் ஒருவர் கேட்டார்.

சென்னிமலை யோசிக்காமல் "ஆமாங்க, மாதேஸ்வரன் மலைக்கு" என்றுவிட்டார். அதே வாரத்தில் எதிர்ப்பக்கம் யாரோ கேட்க, நஞ்சுண்டசாமி நஞ்சன்கூடு ஸ்வாமிக்கு என்று சொன்னாராம். தெருவே பக்திமயமாகிவிட்டது.

செய்தி கடைக்குப் பின்னால் குடியிருந்த கமலம்மாளின் காதுக்கு அன்று சாயந்தரமே போயிற்று. சென்னிமலையின் மனைவி. எதிர்க்கடையை விட்டால் அந்தத் தெருவில் அவரை எதிர்த்துப் பேசத் தயங்காத ஒரே ஜீவன்.

"ஏனுங்க, மாதேஸ்வரனுக்கு நேர்ந்துக்கிட்டீங்களாமா?"

"பேச்சுக்குச் சொன்னது."

"சாமிகிட்டயா பேச்சு? சொன்னா மொட்டை போட்டே தீரோணும். ஆவணில புள்ளைக்குக் கல்யாணம். மொட்டத் தலையோட தாரவாத்துக் குடுப்பீங்களா? சம்பந்தி வூட்டுல ‘பொண்ணப் பெத்தவன் உரிச்ச தேங்கா மாதிரி நிக்கறான்’னு சொல்லமாட்டாங்க?"

"கல்யாணம் முடிஞ்சு போடறேன்னு சாமிகிட்டச் சொல்லிக்கறேன் புள்ள."

"அதுவரைக்கும் இந்தக் காட்டோடயா?"

அவர் எழுந்து கடைக்கு வந்துவிட்டார். நான் பெஞ்சில் இருந்தேன். என்னிடமா சொல்கிறார், கண்ணாடியிடமா என்று தெரியாதபடி சொன்னார்: "தம்பி, கல்யாணத்துக்கு வர்றவனுகள்ல பாதிக்கு மேல நம்ம தொழில்காரனுக. கொள்ளேகால், குண்டலுபேட்டை, சாமராஜநகர்... அறுபது பேராச்சும் வருவானுக. அவனுக மாலையப் பாக்கமாட்டானுக, பட்டு வேட்டியப் பாக்கமாட்டானுக. சாப்புடற எலையக்கூட அப்புறந்தான் பாப்பானுக. நான் மணவறைல உக்காந்தா எல்லாருக்கும் என்ற பிடரிதான் முன்னால. மாப்பிள்ளைக்குப் பெரியப்பன் குண்டலுபேட்டை மல்லப்பன். அவுரு ஒரு பிடரியப் பாத்து நல்லால்லேன்னு சொல்லிட்டா, மூணு தாலூக்காவுக்கு அது நல்லால்ல. நாளைக்கு எம் புள்ளையப் பாத்து ‘தன் தலையவே கவனிக்காத தொழில்காரன் மவ’ன்னு சொல்லுவாங்களா மாட்டாங்களா?"

சொல்வார்கள் என்றுதான் எனக்கும் தோன்றியது.

"எதிர்ல போய்க் கேக்கலாமே" என்று அன்றைக்குப் பெஞ்சில் இருந்த தலைமையாசிரியர் சொன்னார்.

"அவன் வந்து நான் வெட்டுனது தப்புன்னு ஒரு வார்த்த சொல்லட்டும். அடுத்த நிமிசம் போய் உக்காந்துக்கறேன்."

கல்யாணம் ஒரு வெள்ளிக்கிழமை. அதற்கு ஐந்து நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சென்னிமலை வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனார். அங்கே தன்னை அறியாத ஒரு சலூனில், வாழ்க்கையில் முதல் தடவையாக, காத்திருந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அங்கே நடந்ததை அவரே பின்னால் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கடைக்காரன் துணியைக் கட்டிவிட்டு, "ஹேகே?" என்றான். எப்படி என்று கேட்டான்.

சென்னிமலை "ட்ரிம்" என்றார்.

சொன்ன பிறகுதான் அவருக்கு வியர்த்திருக்கிறது. அந்தச் சொல்லை இருபத்தைந்து வருஷம் கேட்டிருக்கிறாரே தவிர ஒருமுறையும் தனக்காகச் சொன்னதில்லை. தான் அதில் என்ன பொருளை வைத்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. கடைக்காரன் இடது பக்கத்தில் ஆரம்பித்தான். கத்தரி காதருகே வந்ததும் சென்னிமலையின் தலை தானாகச் சாய்ந்து கொடுத்தது. சீப்பு கொஞ்சம் படுக்கையாக வந்ததும் கழுத்து தானாக விறைத்தது. மூன்றாவது தடவை துணிக்கு அடியிலிருந்து கை வெளியே வந்து, கடைக்காரனின் மணிக்கட்டைப் பிடித்து, கத்தரியை நேராக்கிவிட்டது.

கடைக்காரன் கத்தரியைக் கீழே வைத்தான். "எந்தக் கடை நீங்க?"

"கடையா? நான் தேங்கா மண்டி."

"தேங்கா மண்டிக்காரர் சீப்பு சாய்ஞ்சதுக்கா மூச்சப் பிடிப்பார்? தொழில்காரர் தலையில நான் கை வைக்கறதில்லை சார். நாளைக்கு எங்க போய் என்ன சொல்வீங்களோ. தப்பா நினைக்காதீங்க." துணியை அவிழ்த்துவிட்டான். காசும் வாங்கவில்லை.

துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு சென்னிமலை வீடு வந்தார். இடது காது தெரிந்தது. வலது காதைக் காணோம். கமலம்மாள் துண்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, சிரிப்பதா அழுவதா என்று முடிவு செய்ய முடியாமல் உள்ளே போய் அரிசி களைந்தார். திங்கட்கிழமை கடை திறந்தார், தலையில் துண்டோடு. அன்று வந்தவர்கள் யாரும் ட்ரிம் என்று சொல்லவில்லை. "எப்படியோ பண்ணுங்க" என்றார்கள்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குக் கீழேயிருந்து "தம்பி, ஒரு கை வேணும்" என்று கூப்பிட்டார். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எனக்கு வேலை, சின்னக் கண்ணாடியைப் பின்னால் பிடித்துக்கொண்டு நிற்பது. முன்கண்ணாடியில் தெரியும் பின்கண்ணாடியைப் பார்த்துத் தன் பிடரியைத் தானே வெட்டிக்கொள்ளத் திட்டம்.

"மேல... இன்னும் மேல. ஆட்டாதீங்க தம்பி, சுவத்துல மாட்டுன படமாட்டம் நில்லுங்க."

கத்தரியை வலப்பக்கம் கொண்டுபோனார். கண்ணாடிக்குள் அது இடப்பக்கம் போயிற்று. திருத்தினார். இன்னும் விலகியது. மூன்றாவது முறை கத்தரி கன்னத்தை உரசியது. கண்ணாடி என் பிடியில் நிற்காததால் அதற்குள் அவருடைய பிடரி, காற்றில் விட்ட பட்டம் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது.

ஷட்டருக்கு அடியில் முதலில் இரண்டு செருப்புக் கால்கள் தெரிந்தன. பிறகு குனிந்து நஞ்சுண்டசாமி உள்ளே வந்தார். கக்கத்தில் பேப்பரில் சுற்றிய கத்தரி, சீப்பு. அவருடைய முடி காலரைத் தாண்டியிருந்தது. பாகவதர் மாதிரி இருந்தார். என் கையிலிருந்து கண்ணாடியை வாங்கிக் கீழே வைத்தார். நான் பெஞ்சுக்குப் போய்விட்டேன்.

"கூத்கோ" என்றார். உட்கார்.

சென்னிமலை உட்கார்ந்துதான் இருந்தார். இருந்தாலும் எழுந்து இன்னொரு தடவை உட்கார்ந்தார்.

துணியை உதறிக் கட்டிவிட்டு நஞ்சுண்டசாமி கேட்டார்: "ஏனு மாடலி?"

சென்னிமலை கண்ணாடிக்குள் எங்கோ பார்த்தார். "வெள்ளிக்கிழமை கல்யாணம்."

"கொத்து, தெரியும். உன் பொண்டாட்டி பத்திரிகை அடிச்ச அன்னிக்கே என் வீட்டுக்காரி கௌரம்மாகிட்டக் குடுத்துட்டுப் போயாச்சு. நான் கேட்டது அதில்ல. என்ன பண்ணணும்?"

தரைக்குக் கேட்கிற குரலில் பதில் வந்தது. "ட்ரிம்."

"எத்தனை?"

"நான் என்னிக்காவது ஒருத்தரையாவது எத்தனைன்னு கேட்டிருக்கறனா?"

"நீ கேக்கமாட்டே. நான் கேப்பேன். சொல்லலைன்னா கத்தரி எடுக்கமாட்டேன்."

சென்னிமலை துணியின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார். கடைசியில் அவர் வாயைத் திறந்து, எத்தனை வேண்டும் என்று ஒரு வாடிக்கையாளரைப் போலவே சொன்னார். "காதுக்கு மேல ரெண்டு நெல்லு. கிருதா பாதிக் காது. பின்னால... பின்னால வெட்டுனதே தெரியக் கூடாது. மல்லப்பன் வர்றாரு."

"மல்லப்பனா?" நஞ்சுண்டசாமி ஒரு கணம் நின்றார். "முதல்லயே சொல்லக் கூடாதா மாராயா. இன்னொரு கத்தரி எடுத்துட்டு வந்திருப்பேனே."

"அலமாரில இருக்குது பாரு, பல்லுக் கத்தரி. நீ கொண்டாந்து வச்சதுதான்."

ஒரு மணி நேரம் ஆயிற்று. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. நஞ்சுண்டசாமி ஒரு தடவை மட்டும், இடது பக்கத்துக்கு வந்தபோது, "யார் இது பண்ணது?" என்றார். "பஸ் ஸ்டாண்டு" என்றார் சென்னிமலை. "கை மோசமில்லை. பாதில ஏன் விட்டான்?" சென்னிமலை தலையைச் சாய்த்து வலது பக்கத்தைக் கொடுத்தார். பிறகு இடம் மாறிக்கொண்டார்கள். நஞ்சுண்டசாமியின் சுருட்டை பந்து பந்தாக விழுந்து என் செருப்பை மூடியது. நஞ்சன்கூட்டு வேண்டுதல் என்ன ஆகும் என்று இருவருமே பேசவில்லை.

வெள்ளிக்கிழமை கொள்ளேகாலில் கல்யாணம். நானும் போயிருந்தேன். சென்னிமலை சொன்னது மிகையில்லை. தாரைவார்க்கும்போது சம்பந்தி வீட்டு வரிசைகளில் ஒரு கண்கூட மணமக்கள் மேல் இல்லை. அறுபது ஜோடிக் கண்களும் பெண்ணைப் பெற்றவரின் பிடரியில் குவிந்திருந்தன. அதன் கீழே வேர்வை ஓடியது எனக்குத் தெரிந்தது.

சடங்கு முடிந்ததும் மல்லப்பன் எழுந்தார். எழுபது வயது, நெட்டையான மனிதர். மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு நேராக மணவறைக்குப் பின்னால் போனார். மூன்று தாலூக்காக்காரர்களும் பின்னால் நகர்ந்தார்கள். சென்னிமலை திரும்பாமல் உட்கார்ந்திருந்தார். ஸ்வாதி மாலைக்குள்ளிருந்து அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தலை நல்லா இருக்குது" என்றார் மல்லப்பன். "ஆனா சம்பந்தி, புள்ள கல்யாணத்துக்குக்கூட முடி வெட்டிக்கலீங்களா? இப்படியே இருக்குமா உங்களுக்கு?"

"செவ்வாக்கெழமை வெட்டுனதுங்க."

"சும்மா சொல்லாதீங்க."

"ஒரு காதுதான் தெரிஞ்சுதுங்க திங்கக்கெழமை. எம் பொண்டாட்டியக் கேளுங்க."

மல்லப்பன் குனிந்து, மூக்குக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டும் இறக்கிக்கொண்டும் பார்த்தார். ஒரு விரலால் பிடரி முடியைப் பின்னுக்கு நீவிவிட்டுப் பார்த்தார். தருண்குமார் மாலையைக் கையில் பிடித்துக்கொண்டு, மாப்பிள்ளை என்பதையும் மறந்து, பெரியப்பாவின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். கத்தரி எங்கே ஆரம்பித்து எங்கே முடிந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

"யாரு கை?" என்றார் மல்லப்பன்.

சென்னிமலை மோவாயால் பந்திப் பக்கம் காட்டினார். அங்கே நஞ்சுண்டசாமி கௌரம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டாவது ஒப்பட்டுப் போளிக்கு நெய் கேட்டுக்கொண்டிருந்தார். அறுபது பேரும் தன்னைத் திரும்பிப் பார்ப்பது தெரிந்ததும், இலையில் ஏதோ தப்பு நடந்துவிட்டதோ என்று குனிந்து பார்த்தார்.

மறுவாரத்திலிருந்து தெருவில் சத்தம் பழையபடி ஆரம்பித்தது. ட்ரிம்மைப் பற்றியேதான். கொள்ளேகாலில் தன் இலக்கணம் ஜெயித்தது என்பார் சென்னிமலை. கேட்டதால்தான் ஜெயித்தது என்பார் நஞ்சுண்டசாமி. ஆனால் ஸ்ரீவத்ஸன் தலை ஏன் அப்படி ஆயிற்று என்ற பேச்சு மட்டும் வந்தால் நஞ்சுண்டசாமி துண்டை உதறிக்கொண்டு உள்ளே போய்விடுவார். அந்த ஒரு தடவை நண்பனுக்குக் கை பிசகிவிட்டது என்று சென்னிமலையும் பெருந்தன்மையாக விட்டுவிட்டார்.

மூன்று வருஷம் கழித்து, நான் பெங்களூருக்கு மாற்றலாகிப் போகும் காலை ரயிலில், எதிர் இருக்கையில் ஸ்ரீவத்ஸன் இருந்தார். ஓய்வு பெற்றிருந்தார். மத்தூரில் வடை வாங்கி எனக்கும் ஒன்று கொடுத்தார். பேச்சு கிருஷ்ணமூர்த்திபுரத்துக்கு வந்தது. வடைக் காகிதத்தை நாலாக மடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"நான் ட்ரிம்னு சொன்னது வாஸ்தவம்தான். நஞ்சுண்டசாமி எத்தனைன்னு கேட்டான். சென்னிமலை பத்து நாளுக்கு ஒருதரம் வரவழைக்கறானே, ஒரு மாசம் சலூன் பக்கமே வரவேண்டாம்னு தோணித்து. ஒட்ட வெட்டிடுன்னேன். ஆத்துல அப்படிக் கத்துவான்னு தெரியலை. வேற என்ன சொல்லித் தப்பிக்கறது? நாற்காலில உக்காந்து பேசினதை அவன் வெளியில சொல்றதில்லையாம், அது அப்புறம்தான் தெரிஞ்சுது. சொல்லிடுவானோன்னு பயந்துதான் அகராதியெல்லாம் தூக்கிண்டு வந்தேன்."

ரயில் நகர ஆரம்பித்ததும் இன்னும் ஒன்று சேர்த்துச் சொன்னார். "பிராஞ்சுல போட்டோன்னு சொல்றேளே சாமி, நிஜமாவே ஒட்டவான்னு ரெண்டு தடவை கேட்டான்."